ஒன் பை டூ

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்கள் வீட்டு அடுப்பை அணைத்தால், ஞாயிறு காலை காபிக்குத்தான் மறுபடி பற்றவைப்பேன். இரண்டு வருஷத்துக்கு மேலாக இதுதான் நடைமுறை. மாவு பொங்கி வழிந்தாலும் சரி, கீரை வாடினாலும் சரி, சனி ராத்திரி சமையல் கிடையாது.

ஆரம்பித்தது 2023 ஆகஸ்டில். பையனைத் திருச்சியில் காலேஜ் ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த வாரம். கைப்பழக்கத்தில் மூன்று பேருக்கு அரிசி களைந்துவிட்டேன். மத்தியானம் சாப்பிட்டது போகக் குக்கரில் பாதி அப்படியே இருந்தது. இவர் மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார். மூடினார். "வா, வெளியில போயிட்டு வரலாம்" என்றார்.

"எதுக்கு?"

"சும்மாதான்."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி அப்போது இருபத்தொரு வருஷம். வெளியே போவதென்றால் யாருக்காவது ரிசப்ஷன் இருக்க வேண்டும், இல்லை டாக்டர் வரச்சொல்லியிருக்க வேண்டும், இல்லை திருத்தணிக்கு வேண்டுதல் பாக்கி இருக்க வேண்டும். ஓட்டலில் சாப்பிடுவது அந்தக் காரியங்களுக்கு நடுவே பசிக்கு நடக்கிற விஷயம். காரணமே இல்லாமல், பையில் மருந்துச் சீட்டோ மொய்க் கவரோ இல்லாமல் இரண்டு பேரும் செருப்பு மாட்டியது அன்றைக்குத்தான்.

முதல் தடவை ரொம்பத் தூரமெல்லாம் போகவில்லை. நாங்கள் இருப்பது பெரம்பூர். புரசைவாக்கத்தில் நான் கணக்கு எழுதப் போகிற ஆபீஸுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டல், மாடியில் ஏசி ஹால். அங்கே போனோம். சர்வர் தண்ணீர் வைத்துவிட்டு, "சூப் எதாவது?" என்றார். இவர் மெனு கார்டைப் பார்க்காமலே, "ஸ்வீட் கார்ன், ஒன் பை டூ" என்றார், ஏதோ தினமும் வந்து போகிறவர் மாதிரி. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஆட்களோடு எப்போதாவது போவாராம், அங்கே கற்றுக்கொண்டதாம்.

சூப் இரண்டு கிண்ணத்தில் வந்தது. ஒன்றைப் பாதியாக்கினால் பாதிப் பாதிதானே வர வேண்டும்? இரண்டுமே முக்கால் கிண்ணம் இருந்தது. "எப்பவும் இப்படித்தான். ஒன் பை டூ கேட்டா ஒன்றரை வரும். ரெண்டு தனித்தனியா வாங்குறவன்தான் ஏமாளி" என்றார். ஆளுக்கொரு பாக்கெட் மிளகுத்தூளைப் பிரித்துப் போட்டுக்கொண்டோம். நான் நிமிர்ந்து பார்த்தேன். இவர் சூப்பை ஸ்பூனில் எடுத்து, வாயருகே கொண்டுபோய், இரண்டு தடவை ஊதி, உதட்டை நுனியில் வைத்து சூடு பார்த்துவிட்டு, அப்புறம்தான் குடித்தார். ஒவ்வொரு ஸ்பூனுக்கும் இதே வரிசை.

இந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள். இருபத்தொரு வருஷம் தினமும் சாப்பாடு போட்டிருக்கிறேன். ஆனால் நின்றுகொண்டு போட்டிருக்கிறேன். கரண்டியோடு மேலேயிருந்து பார்த்தால் தெரிவது உச்சந்தலையும் தட்டும்தான். எங்கே சுழி இருக்கிறது, எப்போது அங்கே முடி கொட்ட ஆரம்பித்தது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். எதிரே உட்கார்ந்து பார்த்தது கிடையாது. இவரும் பையனும் எழுந்த பிறகு நான் தட்டை எடுத்துக்கொண்டு டிவிக்கு எதிரே உட்காருவேன். யாரும் என்னை அப்படி இருக்கச் சொல்லவில்லை. மாமியார் அப்படி இருந்தார், என் அம்மா அப்படி இருந்தார், நானும் கேட்காமலே அந்த வரிசையில் நின்றுவிட்டேன்.

அன்றைக்கு ஒரு நெய் ரோஸ்ட் சொன்னோம், அதையும் பங்கு போட்டுக்கொள்ளலாமென்று. இவர் நடுவில் மெத்தென்று இருக்கிற பகுதியைப் பிட்டு என் பக்கம் தள்ளினார். நான் ஓரத்தில் கண்ணாடி மாதிரி நின்றதை ஒடித்து வாயில் போட்டேன். மறுபடி ஒடித்தேன். மூன்றாவது தடவை ஒடித்தபோது இவர் கையை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "உனக்கு முறுகல் பிடிக்குமா?"

பிடிக்கும். சின்ன வயசிலிருந்து பிடிக்கும். வீட்டில் முறுகலாக வருகிற தோசை பையனுக்கு, அதற்கடுத்தது இவருக்கு. கல் காய்வதற்கு முன்னால் ஊற்றிப் பிய்ந்துபோன முதல் தோசையும், மாவு போதாமல் தடிமனாக முடிகிற கடைசி தோசையும் எனக்கு. அதைப் பார்த்துப் பார்த்து, எனக்கு மெத்து தோசைதான் இஷ்டம் என்று இவர் முடிவு கட்டியிருக்கிறார். கோபம் வரவில்லை. ஏனென்றால் அதே ராத்திரி, ஞாயிற்றுக்கிழமைதோறும் நான் செய்கிற உருளைக்கிழங்கு ரோஸ்ட்டைத் தனக்கு அவ்வளவாகப் பிடிக்காது என்று இவரும் சொன்னார். ஆயிரம் ஞாயிற்றுக்கிழமையாவது இருக்கும். கணக்கெழுதுகிறவள் நான், கிலோக் கணக்கு மனசில் ஓடியது.

அப்படித்தான் இது பழக்கமாயிற்று. மாதம் 2,500 ரூபாய், நாலு சனிக்கிழமை. ஒரு வாரம் நான் இடம் சொல்வேன், மறு வாரம் இவர். எந்த ஐட்டமானாலும் முதலில் ஒன்று வாங்கிப் பங்கு போட வேண்டும், பிடித்தால்தான் இரண்டாவது.

போக்குவரத்தில் மட்டும் பங்கு கிடையாது. அதில் லாபம் முழுக்க எனக்கு. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லையே, அதனால் நான் பிங்க் பஸ் வரும்வரை நிற்கலாம் என்பேன். இவர் முதலில் வருகிற டீலக்ஸில் ஏற வேண்டும் என்பார். மெட்ரோ வேலைக்காகத் தோண்டிப் போட்ட பெரம்பூர் ரோட்டில் அரை மணி நேரம் புழுதி தின்றுகொண்டு இதற்காகச் சண்டை போட்டிருக்கிறோம். கண்டக்டர் எனக்குப் பைசா வாங்காமல் கிழித்துத் தருகிற டிக்கெட்டை நான் இவரிடம் காட்டுவேன். அது ஒரு சின்ன சந்தோஷம், விட்டுத்தர முடியாது.

29சி-யில் ஏறினால் ஜெமினி, லஸ், அடையாறு என்று ஊரைக் குறுக்கே கிழித்துக்கொண்டு பெசன்ட் நகரில் விடும். ஒரு சாயங்காலப் பொழுதுக்கு அந்தப் பயணமே போதும் என்று நினைக்கிற வாரங்களும் உண்டு. கடற்கரையில் வெள்ளை வளைவாக நிற்கிறதே ஷ்மிட் நினைவகம், 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிர்விட்ட ஐரோப்பியர் ஒருவருக்காகக் கட்டியது, அதன் திண்டில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி. பஜ்ஜி பங்கு போட எளிது. நுனிப் பக்கம் இவருக்கு, காரமான காம்புப் பக்கம் எனக்கு. இவருக்குக் காரம் ஆகாது என்பதும் இரண்டு வருஷத்துக்குள் தெரிந்ததுதான்.

திருவல்லிக்கேணி ரத்னா கஃபே இட்லியைத்தான் எங்களால் பங்கு போட முடியவில்லை. 1948இலிருந்து இருக்கிற கடை. வடக்கே மதுராவிலிருந்து வந்த குடும்பம் ஆரம்பித்தது என்பார்கள். மதுராக்காரர் சாம்பாருக்குப் பேர் வாங்கியது திருவல்லிக்கேணியில்தான் நடக்கும். தட்டில் இரண்டு இட்லி வருகிறது. வந்த உடனே ஒருவர் வாளியோடு வந்து சாம்பாரை ஊற்றுகிறார். ஊற்றுகிறார் என்பதைவிட முக்குகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். இட்லி ஒரு தீவு மாதிரி நின்று, ஓரம் கரைந்து, அரை நிமிஷத்தில் கரையே தெரியாமல் போய்விடுகிறது. அப்புறம் எது உன் பாதி, எது என் பாதி? இரண்டு ஸ்பூனும் ஒரே தட்டில் மோதிக்கொண்டது. சாம்பார் வாளிக்காரர் இரண்டாவது தடவை வந்து எங்களைப் பார்த்துவிட்டு, கேட்காமலே இன்னொரு காலித் தட்டை வைத்து அதிலும் ஊற்றிவிட்டுப் போனார். வெறும் சாம்பார். இவர் அதை ஸ்பூனால் குடித்து முடித்தார். சாம்பாரில் லேசான இனிப்பு உண்டு, காரம் கம்மி. அந்த ஊற்றலுக்கு அதுதான் சரி. என் வீட்டு சாம்பாரை அந்த அளவுக்குக் குடித்தால் வயிறு எரியும்.

இவர் சொன்ன இடங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது பீச் ஸ்டேஷனுக்கு எதிரே செகண்ட் லைன் பீச். ஆவடி பக்கமிருந்து வந்து பெரம்பூரைத் தாண்டி பீச் வரை போகிற லோக்கல் ரயில்கள் சில உண்டு, அதைப் பிடித்தால் நேராக அங்கேதான் இறங்கல். தெரு முழுக்க அத்தோ, அதாவது பர்மா நூடுல்ஸ், விற்கிற கடைகள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடை கண்ணியெல்லாம் அரசு எடுத்துக்கொண்ட பிறகு, கப்பல் கப்பலாகத் தமிழர்கள் மெட்ராஸ் வந்து இறங்கினார்கள். பிழைப்புக்காக 1969இல் பர்மா பஜார் வந்தது. வியாசர்பாடிப் பக்கமும் நிறையப் பேர் குடியேறினார்கள். இவரோடு படித்த பையன்களில் இரண்டு பேர் அந்தக் குடும்பங்கள். டிபன் பாக்ஸில் அத்தோ கொண்டுவருவார்களாம். இவருடைய தயிர்சாதத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்வாராம். பங்கு போடுகிற வித்தையை அங்கேயே கற்றிருக்கிறார், என்னிடம் காட்டத்தான் நாற்பது வருஷம்.

அத்தோ கலப்பதை நின்று பார்க்க வேண்டும். ஆரஞ்சு நிற நூடுல்ஸை ஒரு கைப்பிடி எடுத்துக் கிண்ணத்தில் போடுகிறார். மெல்லிசாகச் சீவின கோஸ், பொன்னிறமாக வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், மிளகாய்த்தூள், உப்பு, புளித்தண்ணீர். பேஜோவை, அதாவது தட்டை மாதிரி பொரித்ததை, உள்ளங்கையில் வைத்து ஒரு நொறுக்கு. அடுப்பே இல்லை, எல்லாம் கைதான். ஐந்து விரலும் போய் வந்து போய் வந்து, பத்து செகண்டில் தட்டுக்கு மாறிவிடுகிறது. கூட வாழைத்தண்டு சூப் ஒரு சின்னக் கிண்ணம், அது தீரத் தீர ஊற்றுகிறார்கள். அங்கே ஒன் பை டூ என்ற பேச்சே எடுக்க வேண்டாம்.

முட்டை மசாலா மட்டும் பங்குக்கு ஒத்துவராத சாமான். வேகவைத்த முட்டையைக் கீறி, உள்ளே வறுத்த வெங்காயம், பூண்டு எண்ணெய், காரம் வைத்து, புளித்தண்ணீர் விட்டுக் கையில் தருகிறார்கள். ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் பாதி கடித்து இவருக்குத் தரப் பார்த்தேன். எண்ணெய் முழங்கை வரை ஓடியது. "அக்கா, அப்படியே போடுங்க" என்று கடைக்காரர் அதட்டினார். போட்டேன். வாய் நிறைய முட்டையோடு கண்ணில் தண்ணீர் வர நான் நின்றதைப் பார்த்து இவர் சிரித்த சிரிப்பு, பெஞ்சில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள்.

சினிமாவுக்கு நாங்கள் கல்யாணமான புதிதில் போனது பெரம்பூர் பிருந்தாவுக்கு. ரஜினிகாந்த் திறந்துவைத்ததால் ஏரியாவில் ரஜினி தியேட்டர் என்றே பேர். 1985இலிருந்து ஓடியது, 2025இல் மூடிவிட்டார்கள். இப்போது மவுண்ட் ரோடு தேவிக்குப் போகிறோம். அங்கே தேவி பாரடைஸுக்குப் படியேற வேண்டாம். சரிவாகச் சுற்றிச் சுற்றி ஏறிப்போகிற பாதை. 1970இல் கட்டினவர்களுக்கு 2020களில் எனக்கு முழங்கால் வலிக்கும் என்று எப்படித்தான் தெரிந்ததோ.

படம் தேர்வு செய்வதில்தான் பெரிய தகராறு. எனக்குப் பேய்ப் படம் வேண்டும். தனியாகப் போய்ப் பார்க்கத் தயங்கி இத்தனை வருஷம் டிவியில் பார்த்துக் கழித்தவள். இவர் வேண்டாம் வேண்டாம் என்பார். அதெல்லாம் குழந்தைத்தனம் என்பார். ஒரு வாரம் என் முறை என்று பிடிவாதமாகக் கூட்டிப்போனேன். கதவு கிறீச்சிட்டதும் பக்கத்தில் பார்த்தால், இவர் பாப்கார்ன் டப்பாவை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உள்ளே எதையோ தேடுகிறார். மறுபடி கதவு, மறுபடி தேடல். ராத்திரி கரண்ட் போனால் மெயின் பார்க்க என்னை அனுப்புவதற்கு இவர் சொல்லி வந்த காரணங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. இடைவேளையில் நான் ஒன்றும் கேட்கவில்லை. பாப்கார்னும் பாதி அப்படியே இருந்தது. டிக்கெட் விலைக்குக் கிட்டத்தட்ட வருகிற பாப்கார்ன். அதை வீணாக்குவது எனக்கு ஆகாது, கைப்பையில் கட்டி எடுத்துவந்தேன்.

டிசம்பர் வந்தால் சபா. எங்கள் வீட்டில் யாருக்கும் சங்கீதம் தெரியாது. ஆனால் மியூசிக் அகாடமியில் பகல் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது என்று ஆபீஸில் ஒரு மாமி சொன்னார். 1928இல் ஆரம்பித்த அகாடமி. இருபது வருஷம் அதை வெளியே பஸ்ஸில் கடந்துபோய்விட்டு, முதல் தடவை உள்ளே போய் ஏசியில் உட்கார்ந்தோம். மேடையில் இருபது வயசுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. பாட்டை நிறுத்திவிட்டு மிருதங்கம் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் முன்வரிசையில் சிலர் எழுந்து கேன்டீனுக்குப் போனார்கள். இவரும் எழப் பார்த்தார். நான் கையைப் பிடித்து உட்காரவைத்தேன். பட்டறையில் மெஷின் சத்தத்தை வைத்தே பேரிங் தேய்ந்ததா இல்லையா என்று சொல்கிறவர், மிருதங்கத்தை அப்படித்தான் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு தொடையில் விரலால் தட்டி, எங்கோ ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டார். அப்புறம் கேன்டீனில் கீரை வடையும் காசி அல்வாவும். அல்வாவை நான் இரண்டாகப் பிரித்தேன். பெரிய பாதியை இவர் தட்டில் வைத்தேன். சாப்பிடுகிற முகத்தைப் பார்க்கலாமென்று.

இதெல்லாம் நல்ல கதை. கெட்ட கதை ஒன்று இருக்கிறது, சொல்லாமல் விட்டால் கணக்கு டேலி ஆகாது.

போன வருஷம் கல்யாண நாள் சனிக்கிழமையில் வந்தது. பையன் போன் பண்ணி, "ரெண்டு பேரும் நல்ல இடமா போங்க, தெருக்கடை வேண்டாம்" என்று சொல்லி ஒரு பெரிய ஓட்டலில் பஃபேக்கு அவனே புக் பண்ணிவிட்டான். தலைக்கு இவ்வளவு என்று கணக்கு. போனதும் ஆளுக்கொரு தட்டைக் கையில் கொடுத்தார்கள். மேஜையில் நின்ற சின்ன அட்டையில், ஒருவர் தட்டிலிருந்து இன்னொருவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்ற பொருளில் ஒரு வரி. பஃபே எடுக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கான விதி அது; எங்களுக்கு இல்லை. ஆனாலும் படித்ததும் இரண்டு பேர் கையும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிட்டது.

நான் சாட் கவுண்டரில் நின்றபோது இவர் பிரியாணி வரிசையில் இருந்தார். நான் மேஜைக்கு வந்தேன், இவர் சிக்கன் வாங்க எழுந்துவிட்டார். இவர் வந்தார், நான் சூப்புக்குப் போனேன். நான் குலாப் ஜாமூன் தின்றுகொண்டிருக்கும்போது இவர் எதிரே நண்டு உடைத்தார். கொடுத்த காசுக்குச் சாப்பிட்டாக வேண்டும் என்ற வெறி வேறு. ஒன்றரை மணி நேரத்தில் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் உட்கார்ந்தது பத்து நிமிஷம் இருக்கலாம். மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தார்கள், அது காலி நாற்காலிக்கு எரிந்தது.

ஆட்டோவில் வரும்போது வயிறு கல்லாக இருந்தது, யாரும் பேசவில்லை. ஓட்டேரி தாண்டியதும் இவர் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி, டீக்கடையில் ஒரு இஞ்சி டீயும் ஒரு காலி கிளாஸும் வாங்கினார். டீயை உயரே தூக்கி ஆற்றி ஆற்றிப் பிரித்தார். ஆட்டோ டிரைவர், "எனக்கு இல்லையா சார்?" என்றார். அவருக்கு முழு டீ வாங்கிக் கொடுத்தோம்.

இந்தப் பொங்கலுக்குப் பையன் வந்திருந்தான். சனிக்கிழமை என்றதும், "நீங்க ரெண்டு பேரும் எங்க போவீங்களோ அங்கயே போலாம்" என்றான். புரசைவாக்கத்து ஏசி ஹாலுக்கே கூட்டிப்போனோம். அதே சர்வர். எங்களைப் பார்த்ததும் கேட்காமலே, "ஸ்வீட் கார்ன், ஒன் பை டூ" என்று எழுதிக்கொண்டார். பிறகு மூன்றாவது ஆளைப் பார்த்துப் பேனாவை நிறுத்தி, "ஒன் பை த்ரீ பண்ணிடலாமா?" என்றார்.

"ஐயோ, எனக்கு வேணாம்ணா. அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்" என்று சொல்லிவிட்டு மஞ்சூரியனும் நான் ரொட்டியும் சொன்னான்.

நெய் ரோஸ்ட் வந்தது. பேசிக்கொண்டே இவர் ஓரத்தை நீளமாக ஒடித்து என் தட்டில் வைத்தார். இன்னொரு பக்கமும் ஒடித்து வைத்தார். பையன் மஞ்சூரியனை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

"அம்மாவுக்கு முறுகல் பிடிக்குமாப்பா?"

"என்னடா கேள்வி இது? இத்தனை வருஷமா ஒரே வீட்ல இருக்க, இதுகூடத் தெரியாதா உனக்கு?" என்றார் இவர்.

நான் சூப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.